அந்தச் சீட்டு யார் கைக்குப் போகும்?

செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் சம்பா நெல் வந்து குவிகிற தை, மாசியில், காலை வேளையில் பிரஷர் பார்க்கும் மேசையைப் போடக் கூடாது. மூட்டை 75 கிலோ. கூலி மூட்டைக் கணக்கில். ஒருவர் நம் எதிரே கால் மணி நேரம் உட்கார்ந்தால் அவர் பங்கு மூட்டை அடுத்தவர் முதுகுக்குப் போய்விடும். கையைப் பிடித்து உட்கார வைத்தாலும் பயனில்லை. மூட்டை இறக்கிய மூச்சோடு, பீடி பிடித்த வாயோடு பார்க்கிற பிரஷர் உண்மையான பிரஷர் ஆகாது. ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க, பேசாமல் உட்கார்ந்தால்தான் அந்த எண்ணை நம்பலாம். சுமை தூக்குகிறவருக்கு அந்த ஐந்து நிமிடம் வாய்ப்பது ஏலம் முடிந்து, எடை போட்டு, லாரி கிளம்பின பிறகுதான்.

செஞ்சி வட்டாரத்தில் தொற்றா நோய்ப் பிரிவு நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வேலை செய்கிறவர்களை வேலை நடக்கும் இடத்திலேயே பரிசோதிப்பது என் பணியின் பெரும்பகுதி. விற்பனைக்கூடம், அரிசி ஆலை, கல் கிரஷர், நூறு நாள் வேலை நடக்கும் ஏரிக்கரை, தூய்மைப் பணியாளர்கள் விடியற்காலை கூடும் இடம் என்று எல்லா இடத்துக்கும் பையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். ராஜகிரி அடிவாரத்தில் இருக்கும் பழைய நெற்களஞ்சியத்தைச் சுற்றுலா வருகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டது. ஊரின் பிழைப்பு என்னவோ இன்றைக்கும் நெல்லில்தான் இருக்கிறது. அந்த நெல் இன்றைக்கும் மனிதர்கள் முதுகில்தான் ஏறி இறங்குகிறது.

வேலையிடத்துக்கே ஏன் போக வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அரசு மருத்துவமனைகளில் சர்க்கரை, ரத்தக் கொதிப்புக்கென்று தனிப் பிரிவு வந்தபோது வரிசையில் நின்றவர்கள் பெரும்பாலும் வயதானவர்களும் வீட்டில் இருக்கும் பெண்களும்தான். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போனார்கள். பகலில் போனால் ஆண்கள் வேலைக்குப் போயிருப்பார்கள். வேலைக்குப் போகும் பெண்களும் இருக்க மாட்டார்கள். அதனால்தான் 2024 ஜனவரியில் அதே திட்டம் தொழிலாளர்களைத் தேடி அவர்கள் வேலையிடங்களுக்கும் நீண்டது. 2020இல் மாநிலம் முழுக்க எடுத்த கணக்கெடுப்பில் பெரியவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு ரத்தக் கொதிப்பும் 17.6 சதவீதம் பேருக்குச் சர்க்கரையும் இருந்தன. கொதிப்பு உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தது 7.3 சதவீதம் பேருக்கு மட்டும். சர்க்கரையில் 10.8 சதவீதம். மாத்திரை இல்லாத குறை அல்ல இது. ஆள் வந்து சேரவில்லை.

ஏன் வரவில்லை? கூட்டங்களில் அதிகாரிகள் சொல்லும் காரணம் எப்போதும் ஒன்றே: விழிப்புணர்வு இல்லை. நான் அதை ஒப்புக்கொண்டதே இல்லை. மேசையைப் பார்த்து விலகிப் போகிறவர் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது. இன்றைய கூலியில் எவ்வளவு போகும், ரிசல்ட் மேஸ்திரி காதுக்குப் போனால் நாளைக்கு வேலை இருக்குமா, மகளுக்குப் பார்த்திருக்கும் வரன் நிற்குமா என்ற கணக்கு. அதில் பாதிக்கு மேல் சரியான கணக்கு. சரியான கணக்குப் போடுகிறவரிடம் போய் நோட்டீஸ் கொடுத்தால் என்ன ஆகும்? மடித்து வைத்துக்கொண்டு விசிறிக்கொள்வார். அவர் கணக்கை மாற்ற வேண்டுமானால் நம் ஏற்பாட்டை மாற்ற வேண்டும். என் தொழில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான்.

சின்னச் சின்னப் பயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். அவை சீக்கிரம் தீர்ந்துவிடும். “ரத்தத்த எடுத்து இன்னா பண்ணுவீங்க?” என்பார்கள். ஒரு சொட்டுதான், இந்தப் பட்டையிலேயே காய்ந்துவிடும் என்று அவர் கையிலேயே பட்டையைக் கொடுத்துக் காட்டினால் முடிந்தது. “ராத்திரி குடிச்சது தெரிஞ்சிடுமா சிஸ்டர்?” இந்த மிஷினில் தெரியாது, ஆனால் நீங்களே சொன்னால் மாத்திரை கொடுக்க எனக்கு உதவும் என்பேன். “எனுக்கு ஒண்ணும் இல்ல, ஒரு தடவ கூட ஆஸ்பத்திரி வாசல மிதிச்சதில்ல” என்று நெஞ்சைத் தட்டுகிறவர்களிடம் வாதாடுவதில்லை. “அப்ப சும்மா பாத்துட்டுப் போங்கண்ணே, இவங்களுக்குத் தைரியம் வரும்” என்பேன். பெருமைக்காக உட்காருவார்.

அடுத்து வரும் கேள்வியைச் சத்தமாகக் கேட்க மாட்டார்கள். கூட்டம் கலைந்த பிறகு ஒருவர் மட்டும் திரும்பி வந்து, “அந்த நோயையும் பாக்கறீங்களா?” என்று கேட்பார். எச்.ஐ.வி.யைச் சொல்கிறார். 2017இல் நிறைவேறி 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, ஒருவருடைய சம்மதம் இல்லாமல் அந்தச் சோதனை செய்யக் கூடாது; வேலை கொடுக்க அதை நிபந்தனையாக வைக்கக் கூடாது; அந்த நோய் இருக்கிறது என்பதற்காக வேலையை விட்டு நீக்கவும் கூடாது. இதை ஒருவர் காதில் மட்டும் சொல்லி அனுப்புவதில் பலனில்லை. அதனால் முகாம் தொடங்கும்போதே எல்லோர் முன்னாலும், இன்றைக்கு என்னென்ன பார்க்கிறோம், என்னென்ன பார்க்கவில்லை என்று உரக்கச் சொல்லிவிடுவேன். பார்க்காதவற்றின் பட்டியலைச் சொல்லும்போதுதான் பல தோள்கள் தளர்வதைக் கவனித்திருக்கிறேன்.

பெரிய பயம் அரிசி ஆலையில் எனக்குத் தெளிவாகப் புரிந்தது. அந்த ஆலை முதலாளி நல்ல மனிதர். முகாம் என்றால் பந்தல் போடுவார், பிஸ்கட், டீ வரவழைப்பார். ஆனால் ஆட்கள் வரிசைக்கு வர மறுத்தார்கள். விசாரித்தபோது, எங்களுக்கு முன்னால் வேறொரு குழு வந்து பார்த்துவிட்டு, யாருக்கு என்ன இருக்கிறது என்று பெயரோடு எழுதி ஆலையிலேயே கொடுத்துவிட்டுப் போயிருந்தது தெரிந்தது. பாய்லர் பக்கம் இருந்த ஒருவருக்குக் கொதிப்பு என்று அதில் இருந்தது. முதலாளி பயந்துபோய், அவர் நல்லதுக்கென்றே, கூட்டிப் பெருக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார். கூலி குறைந்தது. “மாத்திர சாப்ட்டா பிரஷர் எறங்கும்னு சொன்னீங்க, கூலி தாம்மா எறங்கிச்சு” என்றார் அவர். அதற்குப் பிறகு அந்த ஆலையில் யார் விரலை நீட்டுவார்கள்?

அந்த முகாமில் முதலாளி, “யாருக்கு இன்னான்னு எழுதிக் குடுங்க சிஸ்டர், நான் பாத்துக்கறேன்” என்று எங்களிடமும் கேட்டார். ஆட்கள் எல்லோருக்கும் கேட்கும்படியாகவே பதில் சொன்னேன்: “பேரோட தர மாட்டோம் சார். எத்தன பேரப் பாத்தோம்னு தருவோம். ஆலையில இன்னா செய்யணும்னு தருவோம்.” செய்ய வேண்டியவை இருந்தன. பாய்லர் அருகில் குடிதண்ணீர் இல்லை. தவிட்டுத் தூசி பறக்கும் இடத்தில் முகத்துக்குத் துணிகூட இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு நிலையான நேரம் இல்லை. சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு வகை மாத்திரை சாப்பிடுகிறவர் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு உழைத்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுவார். இதை அவர் பெயரைச் சொல்லாமலே சரிசெய்யலாம்: எல்லோருக்கும் ஒரு மணிக்குச் சாப்பாடு என்று வைத்துவிட்டால் போதும். முதலாளிக்குத் தெரிய வேண்டியது ஆலையின் நோய். ஆளின் நோய் ஆளுக்குத்தான் தெரிய வேண்டும்.

அதன் பிறகு எங்கள் முறை மாறியது. பேரேடு எங்கள் பையிலேயே இருக்கும். அவரவர் சீட்டை மடித்து அவரவர் கையில் கொடுப்போம். மேஸ்திரியோ சூப்பர்வைசரோ மேசையருகே நிற்கக் கூடாது. முதல் ஆளாக அவர்களையே உட்கார வைத்துப் பார்த்து அனுப்பிவிடுவோம், போய்விடுவார்கள். எண்ணைச் சத்தமாகச் சொல்லக் கூடாது என்று உடன் வரும் இளம் பெண்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கினேன். “ஐயோ, 200க்கு மேல கீதே!” என்று ஒரு வார்த்தை வாயிலிருந்து விழுந்தால் அன்றைய முகாம் அத்தோடு முடிந்தது.

விற்பனைக்கூடத்து ஆட்களுக்கு வேறு பயம். “பிரஷர் இருக்குன்னா மூட்ட தூக்கக் கூடாதுன்னு சொல்லுவ. அப்புறம் நான் இன்னாத்துக்கு வாழணும்?” என்று ஒரு பெரியவர் கேட்டார். அவருக்குப் பொய் சொல்ல முடியாது. மூச்சைப் பிடித்துப் பாரம் தூக்கும்போது ரத்த அழுத்தம் ஏறுகிறது. 180/110 அல்லது அதற்கு மேல் இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் அனுப்பியாக வேண்டும். ஆனால் 150, 160 என்று இருக்கிறவருக்கு ஒரே நாளில் முத்திரை குத்தத் தேவையில்லை. வேறொரு நாள் மறுபடி பார்த்து உறுதி செய்ய வேண்டும். மாத்திரையில் கட்டுப்பட்டுவிட்டால் பெரும்பாலானவர்கள் அதே வேலையைத் தொடர்கிறார்கள். இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். நாமோ பக்கவாதம், மாரடைப்பு என்று பயமுறுத்துவதிலிருந்து தொடங்குகிறோம். வேலை போய்விடும் என்று பயப்படுகிறவரிடம் உயிர் போய்விடும் என்று சொல்வது இன்னொரு பயத்தைக் கூட்டுமே தவிர, முதல் பயத்தைக் குறைக்காது. “ஆயுசு பூரா சாப்பிடணுமா?” என்பதற்கும் ஆமாம் என்றே சொல்லிவிடுவேன். பெரும்பாலானவர்களுக்கு அது உண்மை. மாத்திரை வீட்டுக்கே வரும் என்பதும் உண்மை என்பதால் இப்போது அந்த ஆமாமைச் சொல்வது சுலபமாகிவிட்டது.

எல்லாவற்றிலும் கடினம் கல் கிரஷர். அங்கே நம் கையில் இருக்கும் சமாதானங்கள் குறைவு. கல்தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் படிந்து தழும்பாகிவிட்டால் அதற்கு மருந்து கிடையாது. சிலிகோசிஸ் என்பார்கள். மேலும் கேடு வராமல் தூசியிலிருந்து ஆளை விலக்கலாம், அவ்வளவுதான். “குணமாகாதுன்னா எதுக்கும்மா எக்ஸ்ரே?” என்று கேட்கிறவருக்கு என்ன சொல்வது? மூன்று பதில்கள் வைத்திருந்தேன். ஒன்று, இந்த நோய் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு அதிகம். அதற்கு மருந்து உண்டு, முன்னால் தெரிந்தால் நல்லது. இரண்டு, வேலையால் வந்த நோய்க்கு இழப்பீடு கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதன் நோய்ப் பட்டியலில் சிலிகோசிஸ் உண்டு. ஆனால் படமும் தேதியும் இல்லாமல் எதைக் காட்டிக் கேட்பது? மூன்று, இன்றைக்கு உங்கள் படம் சுத்தமாக இருந்தால், ஜல்லி கொட்டும் இடத்தில் தண்ணீர் தெளிக்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு அதைவிட நல்ல நாள் வராது. தண்ணீர் தெளித்தால் தூசி அடங்கும், செலவும் பெரிதல்ல. இந்த மூன்றையும் கேட்டுவிட்டு வேண்டாம் என்று போகிறவரை நான் தடுத்ததில்லை. வேண்டாம் என்று சொல்ல இடம் இல்லாத பரிசோதனையைத் தொழிலாளி பரிசோதனையாகப் பார்க்க மாட்டார், சோதனையிடுவதாகத்தான் பார்ப்பார்.

காசநோய் என்றதும் வேறு வகை அச்சம் வரும். தட்டைத் தனியாக வைப்பார்களா, பிள்ளையைத் தூக்க விடுவார்களா, ஆஸ்பத்திரியிலேயே கிடக்க வேண்டுமா? இதற்கு நான் சொல்லும் பதில் நம் ஊரிலேயே கண்டறிந்தது. 1956இல் சென்னையில் 193 நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். பாதிப் பேரைச் சானடோரியத்தில் நல்ல சாப்பாட்டோடும் ஓய்வோடும் வைத்துப் பார்த்தார்கள். மீதிப் பேர் தங்கள் நெருக்கடியான வீட்டிலேயே இருந்து மாத்திரை சாப்பிட்டார்கள். 1959இல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். கூட இருந்தவர்களுக்கு அதனால் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. உலகமே அதைப் பார்த்துக் காசநோய் வைத்தியத்தை மாற்றிக்கொண்டது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் வீட்டிலேயே இருக்கலாம் என்று இதைச் சொல்லி முடிப்பேன். இ.எஸ்.ஐ.யில் பெயர் உள்ளவராக இருந்தால், தகுதிக் காலம் நிறைந்திருந்தால், காசநோய்க்கு நீட்டித்த நோய்க்காலப் பணம் உண்டு. சம்பளத்தில் 80 சதவீதம் வரை, இரண்டு ஆண்டு வரை. நோய்க்காலப் பணம் வாங்கும் சமயத்தில் வேலையை விட்டு நிறுத்த அப்போதிருந்த இ.எஸ்.ஐ. சட்டம் தடை விதித்தது. இந்த ஒரு வரி, எந்த மருத்துவ விளக்கத்தையும்விட வேகமாக வேலை செய்தது.

செய்யாறு பக்கத்துக் காலணித் தொழிற்சாலைகளுக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்வரும் பெண்களும் முகாமுக்கு வருவார்கள். இவர்களிடம் ஒரு சிறுநீர்க் கப்பை நீட்டினால் போதும், முகம் மாறிவிடும். கர்ப்பம் பார்க்கிறார்கள், தெரிந்தால் நிறுத்திவிடுவார்கள் என்ற எண்ணம். கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு வேறு கவலை: ரத்தசோகை என்று எழுதிக் கொடுத்தால்கூட “சீக்குக்காரப் பொண்ணு” என்று ஊரில் பேசுவார்கள். தேவையில்லாத சோதனையை எடுக்கவே எடுக்காதீர்கள் என்பதுதான் இதற்கு என் யோசனை. கண் இமையையும் விரல் நுனி ரத்தத்தையும் பார்த்தே ரத்தசோகையை அறியலாம். சிறுநீர் வேண்டுமானால் எதற்கு என்று கப்பைக் கொடுக்கும் முன் சொல்ல வேண்டும். கொடுத்த பிறகு சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். 30 வயதைத் தாண்டியவர்களுக்குக் கருப்பை வாய், மார்பகப் பரிசோதனை வேலையிடத்தில் நடக்காது. கதவும் திரையும் பெண் நர்ஸும் இருக்கும் இடத்துக்கு, அவர்களுக்கு லீவு உள்ள நாளில் வரச் சொல்ல வேண்டும். ஒருத்தி வந்தால் அடுத்த முறை அவள் அக்கா, அண்ணி, ஓரகத்தி என்று நாலு பேரோடு வருவாள்.

பஸ் ஓட்டுகிறவர்களின் பயம் கண். பார்வை குறைந்தால் ஸ்டியரிங் போய்விடும். அந்தப் பயத்தில் உண்மை இருக்கிறது. பயணிகள் உயிரும் அதில் இருக்கிறது. ஆனால் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆவது பிரிவு, அரசு நிறுவனத்தில் பணிக்காலத்தில் ஊனம் வந்தவரை வேலையை விட்டு நீக்கக் கூடாது, அதே சம்பளத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும் என்கிறது. எண்களை மனப்பாடம் செய்து கண் அட்டையை ஒப்பிக்கும் டிரைவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு வேண்டியிருந்தது ஒரு கண்ணாடி, அல்லது ஒரு கண்புரை ஆபரேஷன். சட்டப் பிரிவை முதலில் சொன்ன பிறகுதான் அட்டையை மாட்டுவேன்.

தூய்மைப் பணியாளர்கள் வராததற்குக் காரணம் பயமே இல்லை, சலிப்பு. “வருஷா வருஷம் பாக்கறீங்க, அப்புறம் முண்டியம்பாக்கம் போன்னு சீட்டு குடுக்கறீங்க. யாரு போறது?” என்பார்கள். விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, விக்கிரவாண்டிக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே முண்டியம்பாக்கத்தில் இருக்கிறது. செஞ்சியிலிருந்து போய்வர ஒரு நாள் கூலி, பஸ் செலவு, ஒன்பது மணிக்குள் ஓ.பி. சீட்டு. அந்தச் சலிப்புக்கும் பேச்சால் மருந்தில்லை. ஐந்தாறு பேருக்கு ஒரே நாளில் தேதி வாங்கி, கூட ஓர் ஆளை அனுப்பி, அன்றைக்கு வருகைப் பதிவு போட மேலாளரிடம் முன்கூட்டியே பேசிவைத்தபோது போனார்கள். அடுத்த ஆண்டு மேசைக்கு அவர்களே முதலில் வந்தார்கள்.

இப்படி வேலையில் பட்டுப் பட்டு நான் சேர்த்த விதிகளில் சில உலகத் தொழிலாளர் அமைப்பின் 161ஆவது உடன்படிக்கையில் 1985லேயே எழுதப்பட்டிருந்ததைப் பின்னாளில் படித்தேன். தொழிலாளியின் உடல்நலப் பரிசோதனையால் அவருக்குக் கூலி இழப்பு வரக் கூடாது, இலவசமாக இருக்க வேண்டும், இயன்றவரை வேலை நேரத்திலேயே நடக்க வேண்டும் என்கிறது அதன் 12ஆவது விதி. ஜெனிவாவில் உட்கார்ந்து எழுதியவர்களும் பயத்தை அறிவுரையால் போக்க நினைக்கவில்லை.

நம் நாட்டில் 2025 நவம்பர் 21 அன்று புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. 40 வயதைத் தாண்டிய தொழிலாளர்களுக்கு ஆண்டுதோறும் இலவச உடல் பரிசோதனை என்று மத்திய அரசு அறிவித்தது. அந்தச் செலவு முதலாளியுடையது. நல்ல செய்திதான். அதில் எனக்கு இரண்டு கேள்விகள். முதலாளி பணம் கொடுத்துப் பார்க்கும் பரிசோதனையின் சீட்டு யார் கைக்குப் போகும்? அதை ஒவ்வொரு வேலையிடத்திலும் சுவரில் எழுதி ஒட்டாமல் இந்தச் சட்டம் ஓடாது. அரிசி ஆலையில் பார்த்தது எல்லா இடத்திலும் நடக்கும். இரண்டாவது, விற்பனைக்கூடத்தில் மூட்டை தூக்குகிறவருக்கு முதலாளி யார்? நெல் கொண்டுவந்த விவசாயியா, வாங்கின வியாபாரியா, கூடமா? மூவரும் அடுத்தவரைக் கை காட்டுவார்கள்.

அவர்களுக்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது. 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் அட்டை வைத்திருப்பவர்கள் பலர். அந்த அட்டையோடு ஆண்டுப் பரிசோதனையையும், அன்றைக்கு இழக்கும் அரை நாள் கூலியையும் சேர்த்துவிட்டால் கணக்கு மாறும். தூக்குகிறவர்கள் கணக்கில் கெட்டிக்காரர்கள். லாபம் தங்கள் பக்கம் என்று தெரிந்தால், அவர்களை யாரும் கூப்பிட வேண்டியிருக்காது.